கிரேக்கத் தீவுகளில் ஒரு வாரம்: படகைப் பிடிக்கும் முன் கடலைப் பிடியுங்கள்

கிரேக்கத் தீவுகளுக்கிடையே கேட்டமரான் என்ற இரட்டையுடல் பாய்ப்படகில் ஒரு வாரம் சுற்றலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் படகின் படம் பிடித்துப்போகிறது: முன்பக்கம் கட்டிய வலை, அதில் படுத்தால் கீழே ஓடும் நீலத் தண்ணீர். அடுத்து, பிள்ளைகளின் விடுமுறைக்குத் தோதான மாதம். எந்தத் தீவுகள் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. அதற்கு விடையும் கையோடு தயாராக இருக்கும். சாந்தோரினி, மிகோனோஸ். இப்படித்தான் கேட்டமரான், ஆகஸ்ட், சாந்தோரினி என்ற மூன்றும் ஒன்றுசேர்கின்றன. அந்தக் கடலில் பணம் கொடுத்து வாங்கக்கூடிய விடுமுறைகளிலேயே மிகவும் அலைக்கழிப்பானது அதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு குடும்பங்கள், எட்டுப் பேர், அவர்களில் இரண்டு முதியவர்கள், இரண்டு பிள்ளைகள், பாய் ஏற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றால் செப்டம்பர் முதல் பாதி, கிரேக்கத்தின் மேற்கே உள்ள அயோனியன் கடல், சம்பளத்துக்கு ஒரு ஸ்கிப்பர் (படகை நடத்துகிற மாலுமி), நாலு அறை கொண்ட கேட்டமரான். இதில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டிவரும். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

காற்று போடும் கணக்கு

கிரேக்கத்தின் கிழக்கே உள்ள ஏஜியன் கடலின் கோடைக் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பால்கன் பகுதியின் மேல் காற்றழுத்தம் கூடி நிற்கும். துருக்கியின் அனத்தோலிய நிலம் வெயிலில் காய்ந்து அங்கே அழுத்தம் குறையும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஏஜியனில் வடக்கிலிருந்து காற்று பாயும். மே கடைசியில் தலைகாட்டி, ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போய், செப்டம்பர் நடுவில் தளரும். காற்றின் வலுவை எண்ணால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 என்பது அதன் அன்றாட வேகம். அதாவது 17 முதல் 27 நாட், நம் கணக்கில் மணிக்கு 30 முதல் 50 கிலோமீட்டர். சில சமயம் 7-க்கு ஏறி, மூன்று நான்கு நாட்கள் இறங்காமல் நிற்கும்.

இந்தக் காற்று வரும்போது வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. கருமேகம், இடி, மழை என்று பார்த்தே கடலின் கோபத்தை அளந்து பழகிய நமக்கு இது புதிது. துடைத்துவைத்த நீல வானத்தின் கீழே கடல் முழுக்க வெள்ளை நுரை. கரையில் நின்று பார்த்தால் அழகான நாள் என்றுதான் தோன்றும்.

இன்னொரு விஷயமும் புதிதாகப் போகிறவர்களுக்கு இடிக்கும். வடக்கிலிருந்து காற்று என்றால் தீவின் தெற்குப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்போம். அலையைப் பொறுத்தவரை அது சரி. தண்ணீர் அங்கே தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் உயரமான மலையைத் தாண்டி வரும் காற்று மறுசரிவில் கொத்துக்கொத்தாக விழும். திறந்த கடலில் 20 நாட் இருந்தது குடாவுக்குள் 30 நாட்டாக அறையும். இரவு நங்கூரம் போட்டுத் தூங்கலாம் என்று வந்த இடத்தில், நங்கூரம் இழுபடுகிறதா என்று முறைபோட்டு விழித்திருக்க வேண்டிவரும்.

இப்போது வரைபடத்தை எடுங்கள். ஏதென்ஸ் மேலே இடப்பக்கம். சைக்லடீஸ் தீவுகள் தென்கிழக்காக இறங்கிப் போகின்றன. ஏதென்ஸிலிருந்து சாந்தோரினி சுமார் 120 கடல் மைல். வடக்குக் காற்று முதுகைத் தள்ளும்போது போவது ஆனந்தம். இரண்டே நாளில் பாதிக்கு மேல் தாண்டிவிடலாம். புதன்கிழமை சாந்தோரினி. வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் சனிக்கு சனி. படகை வெள்ளி மாலையே துறைக்குக் கொண்டுவந்து கட்டச் சொல்வார்கள். அந்த 120 மைலையும் இரண்டரை நாளில், அதே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. வலம் இடமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். நல்ல ஒற்றையுடல் படகு காற்றுக்கு ஏறத்தாழ 45 டிகிரி நெருக்கத்தில் போகும். வாடகைக்கு வருகிற கேட்டமரானுக்கு 55 டிகிரி கிடைத்தாலே பெரிது. காற்று வரும் திசையில் 20 மைல் தள்ளியிருக்கும் ஒரு தீவுக்குப் போக ஒற்றையுடல் படகு 28 மைல் ஓட வேண்டும். கேட்டமரான் 35 மைல். கேட்டமரானுக்கு அடியில் கீல் என்ற ஆழமான அடித்தகடு இல்லாததால் பக்கவாட்டில் நழுவுகிற தூரம் அதற்கு மேல். ஆகவே எல்லாரும் பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினைப் போடுகிறார்கள். அங்கிருந்துதான் அடுத்த தொல்லை தொடங்குகிறது.

இரட்டையுடல் படகின் சுகமும் வலியும்

கேட்டமரானின் இரண்டு உடல்களையும் இணைத்து நடுவில் ஒரு தளம் இருக்கிறது. கூடம், சமையலறை, சாப்பாட்டு மேசை எல்லாம் அதன் மேல்தான். தளத்தின் அடிப்பக்கத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் உள்ள இடைவெளி பெரிதல்ல. குட்டையான, செங்குத்தான ஏஜியன் அலை எதிரே வரும்போது அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து தளத்தை அடியிலிருந்து குத்தும். கனமான மரக்கதவை யாரோ முழுப் பலத்தோடு அறைந்து சாத்தியதுபோல ஒரு சத்தம். மேசை மேல் இருந்த தேநீர்க் குவளை ஒரு விரல்கடை எழும்பி விழுகிறது. காலுக்கடியில் தரை அதிர்கிறது. ஒருமுறை என்றால் சிரித்துவிடலாம். பத்து விநாடிக்கொன்றாக ஆறு மணி நேரம் என்றால், படகு உடைந்துவிடுமோ என்று முதலில் பயந்த பாட்டி பிறகு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். படகு உடையாது. ஆனால் அன்றைய பயணம் உடைந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நல்ல கடலில் அதே படகு என்ன தரும் என்பதையும் சொல்லாவிட்டால் அநியாயம். கேட்டமரான் சாயாது. ஒற்றையுடல் படகில் பாய் விரித்தவுடன் வீடு முழுக்க இருபது டிகிரி சாய்ந்துகொள்ளும். இளவயதுக்காரர்களுக்கு அது விளையாட்டு, மூட்டுவலிக்காரர்களுக்குத் தண்டனை. கேட்டமரானில் ஏணி இறங்காமலே தளத்திலிருந்து சமையலறைக்கு நடந்து போகலாம். சமைத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம். நங்கூரம் போட்ட இடத்தில் பக்க அலை வந்தாலும் தொட்டில் ஆடாது. நாலு அறைகளும் நாலு மூலையில் இருப்பதால் ஒருவர் குறட்டை இன்னொருவருக்குக் கேட்பதில்லை. இரண்டு குடும்பங்கள் ஏழு நாள் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறபோது இது சின்ன விஷயமல்ல.

ஆழம் குறைவாக எடுப்பதும் ஒரு வசதி. கேட்டமரானுக்கு ஒன்றேகால் மீட்டர் தண்ணீர் போதும். அதே நீளமுள்ள ஒற்றையுடல் படகுக்கு இரண்டு மீட்டரைச் சுற்றித் தேவை. மணல் தெரிகிற ஆழம்குறைந்த குடாக்களில் இது கரையோரம் வரை போய் நிற்கும். இன்ஜின் இரண்டு, இரண்டும் தள்ளித்தள்ளி இருக்கின்றன. ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போட்டால் நின்ற இடத்திலேயே படகு திரும்பும்.

துறையில் கட்டும்போது அகலம் பழிவாங்கும். வாடகைச் சந்தையில் எங்கும் தென்படுகிற லகூன் 42 என்ற மாடலின் நீளம் 12.80 மீட்டர், அகலம் 7.70 மீட்டர். அதே நீள வகுப்பில் ஒற்றையுடல் படகின் அகலம் நாலு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கிரேக்கத் தீவுத் துறைகளில் படகைப் பக்கவாட்டில் கட்டுவதில்லை. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி வந்து, பின்பக்கத்தைக் கரையில் கட்ட வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு இரண்டு படகுகளுக்கு இடையில் கிடைக்கிற சந்து பெரும்பாலும் ஐந்து மீட்டர். ஒற்றையுடல் படகு அதில் நுழைந்துவிடும். கேட்டமரான்காரர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போய்விடுவார். தனியார் மரினாக்களில் (படகுத்துறைகளில்) இந்த அகலத்துக்குச் சேர்த்துத்தான் கட்டணம். ஒற்றையுடலைவிட ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரு மடங்கு.

ஹைட்ராவில் இதன் முழு நாடகத்தையும் பார்க்கலாம். மோட்டார் வாகனங்களை அனுமதிக்காத தீவு அது. சாமான்களைக் கழுதைகள்தான் சுமக்கின்றன. துறையோ ஒரு முற்றத்தின் அளவு. கரையோரம் நிறைந்த பிறகு வருகிறவர்கள் முன்வரிசைப் படகுகளின் முன்னால் இரண்டாம் வரிசையாகக் கட்டுவார்கள். எல்லாருடைய நங்கூரச் சங்கிலியும் அந்தச் சின்னத் துறையின் அடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். காலை ஒன்பது மணிக்கு முதல் படகு தன் நங்கூரத்தைத் தூக்கும்போது அதன் கொக்கியில் பக்கத்துப் படகின் சங்கிலி தொங்கிக்கொண்டு வரும். பிறகு நாலைந்து மொழிகளில் கூச்சல். ஒருவர் கயிற்றை எடுத்துக்கொண்டு குனிந்து, அந்தச் சங்கிலியின் அடியில் கயிற்றை நுழைத்துத் தாங்கி, தன் நங்கூரத்தைக் கீழே நழுவவிட்டு விடுவித்துக்கொள்வார். பார்த்துக்கொண்டு காபி குடிக்க நல்ல இடம். கேட்டமரானில் வந்தவர்கள் பக்கத்து மண்ட்ராகி குடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, கரையோரமாக நடந்தோ வாடகைப் படகு பிடித்தோ ஊருக்கு வருவதுதான் புத்திசாலித்தனம்.

சமைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒற்றையுடல் படகில் அடுப்பு ஊஞ்சல்போலத் தொங்கும். படகு சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும். கேட்டமரானில் அடுப்பு பெரும்பாலும் நிலையானது. ஓடும்போது குழம்பு வைக்க ஆசைப்படாமல் நங்கூரம் போட்ட பிறகு வையுங்கள். தண்ணீர்த் தொட்டி பெரிதுதான் என்றாலும், அரிசியை மூன்று தண்ணீரில் களைந்து, எட்டுப் பேரும் நன்னீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டால் மூன்றாம் நாளே துறையைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்று கடல்கள்

அயோனியன் கடல் கிரேக்கத்தின் மேற்குப் பக்கம். மெல்டெமி அங்கே எட்டுவதில்லை. காலையில் கடல் எண்ணெய்போலக் கிடக்கும். மதியத்துக்குப் பிறகு வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ என்ற காற்று எழும்பி, பியூஃபோர்ட் 3 முதல் 5 வரை வீசிவிட்டுச் சூரியன் மறையும்போது அடங்கிவிடும். லெஃப்காடா தீவில் படகு எடுத்தால் மெகனீசி, இத்தாகா, கெஃபலோனியா எல்லாம் பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. காலை நீச்சல், பத்து மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த குடா, மூன்று மணிக்குக் காற்று வந்ததும் இரண்டு மணி நேரம் பாய், மாலை துறை என்று நாள் ஓடும். உணவக உரிமையாளரே மரத்துறை கட்டிவைத்திருப்பார். இரவு அவரிடம் சாப்பிட்டால் கட்டுவதற்குக் காசு இல்லை. கெஃபலோனியாவில் 1953-ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஊர் ஊராகத் தரைமட்டமாக்கியபோது பெரிய சேதமில்லாமல் தப்பிய ஃபிஸ்கார்டோவின் பழைய வீடுகளைப் பார்க்க எல்லாரும் வருவார்கள். ஆகவே அங்கே மட்டும் மதியம் இரண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

குறை என்ன? வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம் என்று நீங்கள் நினைத்துவைத்திருக்கிற கிரேக்கம் இங்கே இல்லை. மலை நிறைய சைப்ரஸ் மரமும் ஒலிவ மரமும், ஓடு வேய்ந்த வீடுகளும்தான். நூற்றாண்டுக்கணக்கில் வெனிஸ் ஆண்ட பகுதி என்பது தெருவிலேயே தெரியும். காலை வேளைகளில் காற்றில்லாமல் இன்ஜினில்தான் ஓட வேண்டும்; கனமான கேட்டமரான் நகரப் பத்து நாட் காற்றாவது வேண்டும். செப்டம்பர் பிற்பாதி முதல் இடிமழை வரத் தொடங்கும். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற சூறாவளி கெஃபலோனியாவையும் இத்தாகாவையும் தாக்கித் துறைகளில் நின்ற படகுகளைக் கரையேற்றிவிட்டது. அப்படி நடப்பது அபூர்வம். ஆனாலும் அதனால்தான் செப்டம்பர் முதல் பாதி என்றேன். ஏதென்ஸிலிருந்து லெஃப்காடாவுக்குச் சாலை வழியே நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். ப்ரெவெசா விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, ஐரோப்பிய நகரங்களிலிருந்து கோடையில் நேரடி விமானங்கள் உண்டு.

சரோனிக் வளைகுடா ஏதென்ஸின் வாசல். ஏதென்ஸின் அலிமோஸ் மரினாவில் படகு எடுத்தால் பதினாறு பதினேழு மைலில் எஜினா. பிஸ்தாப் பருப்புக்குப் பேர்போன தீவு. குன்றின் மேல் ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழமையான அஃபாயா கோயில். அங்கிருந்து போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ். மெல்டெமி இங்கேயும் எட்டிப்பார்க்கும், ஆனால் நிலப்பரப்பு தடுத்துவிடுவதால் பாதி வலுவுடன்தான் வரும். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் நேராகப் படகுக்கு வந்துவிடலாம் என்பதால், ஐந்து நாள்தான் கையில் இருக்கிறவர்களுக்கு இதைவிட்டால் வேறில்லை. வார இறுதியில் ஏதென்ஸ்காரர்கள் எல்லாரும் இங்கேதான் வருவார்கள் என்பதைக் கணக்கில் வைத்து, ஹைட்ராவைச் செவ்வாய், புதனில் போடுங்கள்.

சைக்லடீஸை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாய்ப்படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அதுதான் கிரேக்கம். ஆனால் மூன்று மாற்றங்களோடு போக வேண்டும். முதலாவது, அலிமோஸுக்குப் பதில், ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள லாவ்ரியோ துறையில் படகு எடுப்பது. சூனியோ முனையைச் சுற்றி வருகிற அரை நாள் மிச்சம். அங்கிருந்து கேயா பதினைந்து மைல்கூட இல்லை. இரண்டாவது, மேற்குத் தீவுகளோடு நிறுத்திக்கொள்வது: கேயா, கித்னோஸ், செரிஃபோஸ், முடிந்தால் சிஃப்னோஸ், அப்படியே திரும்பிவிடுவது. கித்னோஸின் கொலோனா குடாவில் ஒரு மணல்திட்டு தீவையும் சின்னத் திட்டையும் இணைக்கிறது. அதன் இரு பக்கமும் கடல். ஒரு பக்கம் காற்று என்றால் மறுபக்கம் போய் நிற்கலாம். மூன்றாவது, ஜூன் அல்லது செப்டம்பர் கடைசி. இந்தக் கடலில் எதிர்காற்றில் ஏறுகிற நாட்கள் இருக்கத்தான் செய்யும் என்பதால், இங்கே நான் ஒற்றையுடல் படகின் பக்கம். அது சாயும், நனைக்கும், ஆனால் அலையை வெட்டிக்கொண்டு போகும்.

ஆகஸ்ட் 15 அன்னை மரியாளின் விண்ணேற்பு விழா. கிரேக்க நாடே விடுமுறையில் இருக்கும். டினோஸ் தீவில் துறையிலிருந்து கோயில் வரை பக்தர்கள் முழங்காலால் ஊர்ந்து போவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். கப்பலில் வந்து பாருங்கள். அந்த வாரம் படகு கட்ட இடம் தேடி அலைவது வேறு வகை நேர்த்திக்கடன்.

கோஸ், ரோட்ஸ், சிமி என்று கிழக்கே டொடெகனீஸ் தீவுகளும் நல்ல களம்தான். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அங்கே ஒரு கண்ணி உண்டு. எதிரே துருக்கிக் கரை தெரியும். ஒரு நாள் போய்வரலாம் என்று ஸ்கிப்பரே ஆசைகாட்டலாம். போனால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் திரும்பி கிரேக்கத்துக்குள் வர முடியாது.

சுக்கான் யார் கையில்?

கிரேக்கத்தில் படகை நீங்களே ஓட்ட வேண்டுமானால் ஒருவரிடம் அந்நாடு ஏற்கிற சான்றிதழ் இருக்க வேண்டும், ஐ.சி.சி. என்ற சர்வதேசச் சான்றிதழ் அல்லது பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. சங்கம் தரும் டே ஸ்கிப்பர் போன்றது. அவருக்குத் துணையாகப் படகு அனுபவமுள்ள இன்னொருவரும் பெயர் கொடுக்க வேண்டும். இருவரும் இல்லையென்றால் ஸ்கிப்பர். அவருக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 யூரோ வரை ஆகும். சாப்பாடும் உங்கள் பொறுப்பு. படுக்க இடமும் வேண்டும். இதை மறந்துவிட்டு எட்டுப் பேருக்கு நாலு அறை என்று கணக்குப் போட்டால் ஸ்கிப்பர் ஏழு இரவும் கூடத்துச் சோபாவில் தூங்குவார். விடியற்காலையில் காபி போட வருகிறவர் அவரை எழுப்புவார். சில கேட்டமரான்களில் உடலின் முன்மூலையில், மேலே உள்ள மூடியைத் திறந்து இறங்குகிற சின்ன அறை ஒன்று பணியாளுக்கென்றே இருக்கும். அது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் இருக்கிறது, துணிவுதான் போதவில்லை என்றால் ஃப்ளோட்டிலா என்ற ஏற்பாடு நல்லது. பத்துப் பன்னிரண்டு படகுகள் ஒன்றாகப் போகும், வழிகாட்டிப் படகு முன்னே போய்த் துறையில் இடம் பிடித்துவைக்கும். அயோனியனில் இது நெடுங்காலமாக நடக்கிறது. இரண்டே பேர் என்றால் முழுப் படகும் எதற்கு? ஓர் அறையை மட்டும் வாங்குகிற கேபின் சார்ட்டர் இருக்கிறது. அதில் வழியையும் நேரத்தையும் அவர்கள் முடிவுசெய்வார்கள். மற்ற மூன்று அறைகளில் யார் வருவார்கள் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஸ்கிப்பர் வைத்துக்கொண்டால் ஒரு விஷயத்தில் அவரோடு வாதாடக் கூடாது. இன்று போக வேண்டாம் என்று அவர் சொன்னால் போக வேண்டாம். பணம் கொடுத்தது நாம்தானே என்று நம்மவர்களுக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கும். காற்று 6-ஐத் தாண்டினால் வெளியே போகக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். துறைமுகக் காவலரும் தடைவிதிப்பதுண்டு.

பணம்

நாற்பது, நாற்பத்திரண்டு அடிக் கேட்டமரானுக்கு ஆகஸ்டில் வாரத்துக்கு 6,000 முதல் 9,000 யூரோ வரை கேட்பார்கள். செப்டம்பர் கடைசியில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மே, அக்டோபரில் பாதி. அதே ஆட்களைக் கொள்கிற ஒற்றையுடல் படகு எந்த மாதத்திலும் கேட்டமரானின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கீழே. செப்டம்பர் முதல் பாதிக்கு ஒரு மாதிரிக் கணக்கு: படகு 6,000, ஸ்கிப்பர் 1,600, டீசல், துறைக் கட்டணம், கடைசி நாள் சுத்தம், படுக்கைவிரிப்பு எல்லாம் சேர்த்து 900. மொத்தம் 8,500. எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 1,060 யூரோ சொச்சம். சாப்பாடும் விமானமும் இதில் இல்லை. யூரோவை நூறு ரூபாயாக வைத்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு வாரம் தங்கவும் ஊர் மாறவும் சேர்த்து இவ்வளவு என்று பார்த்தால் ஆகஸ்ட் மாதத்து சாந்தோரினி ஓட்டலோடு ஒப்பிட வெட்கப்பட வேண்டியதில்லை.

முன்பணமாக ஒரு வைப்புத்தொகை பிடிப்பார்கள், கேட்டமரானுக்கு 3,000 முதல் 5,000 யூரோ வரை போகும். படகைப் பெற்றுக்கொள்ளும்போது கரைக்குப் போய்வரும் சின்னப் படகின் மோட்டார், நங்கூரத்தைத் தூக்கும் விஞ்ச், இரண்டு இன்ஜின்களும் குளிர்நீர் துப்புகின்றனவா என்பதுவரை ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, உடலில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை அவசரத்தில் இதைத் தள்ளிப்போடத் தோன்றும். பிள்ளைகளை யாராவது கடைக்கு அழைத்துப் போகட்டும், நீங்கள் பாருங்கள்.

அப்படியானால் சாந்தோரினி?

பாயில் போய்ச் சேர்ந்தாலும் அங்கே உங்களுக்கு இடமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. படங்களில் வருகிற அந்தப் பெரிய வட்டம் எரிமலை வாய். பல இடங்களில் ஆழம் முந்நூறு மீட்டருக்கு மேல். நங்கூரம் போட அடி எட்டாது. தெற்கே விலிஹாதாவில் உள்ள சின்ன மரினாவின் வாயில் மணல் சேர்ந்து ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இடமும் கொஞ்சம். முன்கூட்டிப் பேசிவைக்காத கேட்டமரானைப் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

வீட்டில் சாந்தோரினி பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் இருந்தால் அயோனியனை விட்டுவிட்டு சரோனிக்கை எடுங்கள். வெள்ளி மாலை அலிமோஸில் படகைக் கட்டி, இரவு அதிலேயே தூங்கி, சனி காலை சாவியைக் கொடுத்துவிடுங்கள். பிரேயஸ் துறைமுகம் டாக்ஸியில் அரை மணி நேரம். சாந்தோரினிக்குப் பெரிய கார்க் கப்பல்கள் ஏழெட்டு மணி நேரத்தில் போகின்றன. அதிவேகப் படகு ஐந்து மணி நேரத்தைச் சுற்றி. பெரிய கப்பலையே எடுங்கள். வழியில் பாரோஸ், நக்ஸோஸ் துறைகளில் நின்று போகும். காலையில் கிளம்புகிற கப்பல் என்றால், எரிமலை வட்டத்துக்குள் நுழையும்போது மேல்தளத்தில் நின்று அந்த வெள்ளை ஊர்கள் செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒட்டியிருப்பதைக் கடலிலிருந்தே பார்த்துவிடலாம். சனி காலைக் கப்பலைப் பிடிக்க முடியாமல் போகக்கூடும் என்பதால் ஏதென்ஸில் ஓர் இரவு தங்கி ஞாயிறு காலைக் கப்பலுக்கு டிக்கெட் போட்டுவையுங்கள். ஆகஸ்டில் கார் ஏற்றுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிடுவார்கள், வெறும் ஆளுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.